விதை போட்ட அன்றே விருந்து

கையெல்லாம் மண்ணாக எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார் கிளார்க்கம்மா.

"காணும் பொங்கலன்னைக்கு மத்தியானம் நம்ம மாடியில சாப்பாடு. அவரைக்காய் போட்ட நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. சொல்லிட்டேன்ல, வந்துருங்க."

அது ஆடி மாதம். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அவரைக்காய் எங்க யக்கா இருக்கு?" என்று கேட்டாள்.

"இப்பத்தான் விதைய ஊனிட்டு வாரேன்."

சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். கீழ்வீட்டிலும் அதையே சொல்லும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. பிறகு தெருவில் இஸ்திரி வண்டிக்காரரிடம் சொல்லும் சத்தமும் கேட்டது.

மதுரையில் காளவாசலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த வீடு. தரைத்தளத்தில் வீட்டுக்காரர் குடும்பம், நடுவில் நாங்கள், மொட்டை மாடியில் இருந்த ஒற்றை அறையில் இவர். மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் அலுவலகத்தில் கிளார்க்காக இருந்ததால் தெரு முழுக்க அவருக்குக் கிளார்க்கம்மா என்றே பெயர். தனி ஆள். அறைக்கு வெளியே மாடி முழுவதும் அவருடைய தோட்டம். பெயின்ட் வாளி, பாதியாக அறுத்த நீல டிரம், சிமென்ட் சாக்கு, உடைந்த வாஷ்பேசின் என்று மண் நிற்கிற எதிலும் ஏதாவது ஒரு செடி நிற்கும்.

செடி வளர்க்கிறவர்கள் மதுரையில் நிறையப் பேர் உண்டு. நன்றாகச் சமைக்கிறவர்களும் உண்டு. ஆனால் விதை போட்ட அன்றே ஊரைச் சாப்பிடக் கூப்பிடுகிறவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. காய்த்த பிறகு கூப்பிடுவது அவருக்குக் கணக்கிலேயே கிடையாது. "காய்ச்சப்பறம் எவன்தான் கூப்பிட மாட்டான்?" என்பார்.

ஒரு தடவை தக்காளி போட்டார். அன்றே தபால்காரர் உட்பட எல்லாருக்கும் தக்காளிச் சட்னிக்கு அழைப்புப் போய்விட்டது. செடி இடுப்பளவு வளர்ந்து, பூத்து, பிஞ்சும் விட்டது. அப்புறம் அணில் வந்தது. சொன்ன ஞாயிற்றுக்கிழமை வந்தபோது செடியில் ஒன்றுகூட மிச்சமில்லை. கிளார்க்கம்மா மார்க்கெட்டுக்குப் போய்ப் பை நிறையத் தக்காளி வாங்கி வந்து, ஆவி பறக்க இட்லியும் காரச் சட்னியும் செய்து எல்லாருக்கும் போட்டார்.

"என்ன கிளார்க்கம்மா, கடைத் தக்காளியா?" என்று கீழே இருந்த வீட்டுக்காரர் வாயைக் கிண்டினார்.

"செடி ஏமாத்திருச்சு தம்பி. நான் ஏமாத்தல. இன்னொரு இட்லி வச்சுக்கங்க."

அந்தப் பழக்கம் செடியோடு நிற்கவில்லை. எங்களுக்கு அவரைத் தெரிவதற்கு முன்பு ஒரு வருஷம் அவருக்கு வயிற்றில் பெரிய ஆபரேஷன் நடந்ததாம். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது பக்கத்தில் நடந்து வந்த நர்ஸிடம், "கிறிஸ்துமஸுக்கு எங்க மாடிக்கு வந்துருங்க. கறிக்குழம்பு நான் வச்சாத்தான் குழம்பு" என்று சொல்லியிருக்கிறார். நர்ஸ் அழுதுவிட்டாராம். "நான் படுத்திருக்கேன், அந்தப் புள்ள அழுவுது. நாந்தான் சமாதானம் பண்ணேன்" என்று சிரித்துச் சிரித்துச் சொல்வார். அந்த நர்ஸ் ஒவ்வொரு வருஷமும் வருவார். நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீடு இதற்கு நேர் எதிர். அம்மாவுக்கு நல்லது எதையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் கண் பட்டுவிடும். அப்பாவுக்குக் கப்பலூர் கம்பெனியில் வேலை நிரந்தரமானபோது அம்மா எங்கள் சொந்தக்காரர்களிடம்கூடச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஐந்தாவதோடு நின்றார். அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதிக்கவில்லை. அந்த ஆடிக்கு முந்தின வைகாசியில், பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியிலேயே முதலாவதாக வந்தேன். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு அம்மா, "ஏதோ பாஸாயிருக்கா" என்றாள். நான் உள்ளே போய்விட்டேன்.

கிளார்க்கம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் மாடிப்படியில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். "நம்ம வீட்டுப் புள்ள பள்ளிக்கூடத்துலயே பஸ்ட்டு!" அடுத்து வழக்கம்போல, "இவ பட்டம் வாங்குற அன்னைக்கு..." என்று தொடங்கினார். அம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, யக்கா, இன்னும் காலேஜுலயே சேரலக்கா. அதுக்குள்ள சொல்லாதீங்க. கண்ணு பட்டுரும்."

கிளார்க்கம்மா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "சரி தங்கச்சி. உனக்காக இந்த ஒண்ண மட்டும் வாய்க்குள்ளயே வச்சுக்கிறேன்" என்றார். எனக்குத் தெரிந்து அதுவரை அவர் சொல்லாமல் விட்ட விருந்து அது ஒன்றுதான்.

அவரைக் கொடிக்கு வருகிறேன்.

ஆடியில் போட்ட விதை ஆவணியில் பந்தல் ஏறிவிட்டது. புரட்டாசியில் பந்தலே தெரியவில்லை. அடியில் நின்றால் பட்டப்பகலிலும் குளுகுளுவென்று இருக்கும். அம்புட்டு இலை. அந்தச் சமயத்தில்தான் வீட்டுக்காரர் மாடிக்கு ஏறி வந்தார். காளவாசலில் அவருக்கு ஹார்டுவேர் கடை. மைனர் செயின் போட்ட, சத்தமாகச் சிரிக்கிற மனிதர். தெருப் பையன்களுக்கு அவர் ஓனர் அண்ணன்.

"யக்கா, கடைச் சரக்கு வைக்க எடம் பத்தல. இங்க ஒரு தகர ஷெட்டு போடலாம்னு இருக்கேன். தொட்டியெல்லாம் எடுத்துருங்க."

"கொடி காய்க்கப் போகுது தம்பி."

"எங்க காய்க்குது? எல எலயாத்தான் இருக்கு. இதை ஆட்டுக்குத்தான் போடணும்."

வேறு யாராவது இருந்தால் கெஞ்சியிருப்பார்கள். கிளார்க்கம்மா நிமிர்ந்து நின்றார். "காணும் பொங்கலன்னைக்கு இந்தப் பந்தல்ல காய் பறிச்சுக் குழம்பு வைக்கிறேன். வைக்கலேன்னா நானே பந்தலப் பிரிச்சு, தொட்டியெல்லாம் எறக்கிட்டு, மாடிய உங்க கையில குடுத்துடுறேன்."

"கடையில வாங்கி ஆக்குற கதையெல்லாம் ஆகாது யக்கா. தக்காளி ஞாபகம் இருக்கு."

"நீங்களே வந்து பறிங்க தம்பி. சொல்லிட்டேன்ல."

துணி காயப்போட வந்த அம்மாவும் நானும் சாட்சி. படியில் இறங்கும்போது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "இந்த வாய வச்சுக்கிட்டு இருக்குற தோட்டத்தையும் தொலைக்கப் போகுது பாரு."

ஐப்பசி மழை வந்தது. தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஓடிய அந்த வாரத்தில் எவனோ மாடியேறி மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டான். வீட்டுக்காரர் மறுநாளே மாடியில் பெரிய போக்கஸ் லைட் ஒன்றை மாட்டினார். பொழுது சாய்ந்தால் போட்டு விடிந்தால் அணைப்பார்கள். இரவு முழுக்க மாடி, கிரிக்கெட் மைதானம் மாதிரி பளிச்சென்று இருந்தது.

கார்த்திகை பிறந்தது. காற்றில் ஈரம் ஏறி, சாயங்காலமானால் சூடாக எதையாவது குடிக்கத் தோன்றும் நாட்கள். கிளார்க்கம்மா தொட்டியில் இருந்த தூதுவளையைப் பறித்து மிளகு தட்டிப் போட்டு ரசம் வைப்பார். சளி பிடித்தவர் பிடிக்காதவர் எல்லாருக்கும் ஒவ்வொரு டம்ளர் வரும். முளைக்கீரை கடைந்து, கேப்பைக் களி கிண்டி, நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றித் தருவார். அந்தக் களியை வாங்கி வாயில் போட்டால் வயிற்றுக்குள் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்ட மாதிரி இருக்கும். தோட்டத்தில் எல்லாம் வந்தது. கத்தரி காய்த்தது. மிளகாய் காய்த்தது. அவரை மட்டும் பூக்கவில்லை.

பக்கத்துத் தெரு மாடிகளில் அவரை பூத்துவிட்டது என்று ஆட்கள் சொன்னார்கள். கிளார்க்கம்மா உரத்தைக் குறைத்தார். தண்ணீரைக் குறைத்தார். நுனியைக் கிள்ளினார். புளித்த மோர் ஊற்றினார். ஒரு நாள் கொடியின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, "ஏ, மானத்த வாங்காத" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். கொடி இன்னும் இரண்டு இலை விட்டது.

அதன் பிறகு அவர் வாய் அடங்கிப்போனது. படியில் இறங்கும்போது யாரையும் எதற்கும் கூப்பிடவில்லை. புதிதாக முள்ளங்கி விதை தூவினார், அதற்குக்கூட அழைப்பு இல்லை. வீட்டுக்காரர் மட்டும் எதிரில் பார்க்கும்போதெல்லாம், "என்னக்கா, குழம்பு கொதிக்குதா?" என்பார். இவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

அம்மாவால்தான் அதைத் தாங்க முடியவில்லை. "அந்தக்கா சத்தமே இல்லாம போகுதுடி. வீடே செத்தாப்ல இருக்கு. மேலுக்கு எதுவும் முடியலையா, போய்ப் பாரு."

அன்று பகல் முழுக்க மழை இல்லை. சாயங்காலம், காய்ந்த துணியை எடுக்கிற சாக்கில் மேலே போனேன். விளக்கு அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தது. கறுப்புத் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் விழுந்திருந்த ஒரு துண்டை எடுக்கக் குனிந்தேன். அங்கே, பந்தலை விட்டு விலகி டேங்கின் மறைவுக்குப் போயிருந்த ஒரே ஒரு கிளையில், ஊதா நிறத்தில் பூ.

ஒரு கொத்து இல்லை. மூன்று நான்கு கொத்து, நிமிர்ந்து நின்றன. விளக்கைத் திரும்பிப் பார்த்தேன். டேங்கைப் பார்த்தேன். டேங்கின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் பூ. நிழல் முடிந்த இடத்திலிருந்து மறுபடி வெறும் இலை.

 பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியலில் குறும்பகல் தாவரங்கள் என்று ஒரு பாடம் உண்டு. சில செடிகள், இரவு ஒரு அளவுக்கு மேல் நீண்டால்தான் பூக்கும். நடுவில் வெளிச்சம் பட்டால் அவற்றுக்கு இரவே வராத மாதிரி. அந்தப் பத்தியை ஒரு எழுத்து மாறாமல் மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அது எங்கோ வெளிநாட்டுச் செடிகளுக்கு நடப்பது என்று நினைத்திருந்தேன். இதோ, எங்கள் மொட்டை மாடியில், சிமென்ட் சாக்குகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தது.

"கிளார்க்கம்மா!" என்று கத்தினேன். கீழிருந்து அம்மாவின் குரல், "ஏண்டி கத்துற!" என்றது.

கரண்டியோடு ஓடி வந்தவரிடம் பூவைக் காட்டினேன். விளக்கைக் காட்டினேன். பாடத்தைச் சொன்னேன். அவர் பூவையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இம்புட்டு நாளா இதுக்குத் தூக்கமே இல்லைங்கிற?"

"தூக்கம் இல்லம்மா. அதுக்கு நீளமா, விட்டுப்போகாம இருட்டு வேணும்."

"அதத்தான் நானும் சொல்றேன். லைட்டப் போட்டு வச்சா எவ தூங்குவா?"

அவ்வளவுதான். போன குரல் திரும்பி வந்துவிட்டது. மாடிப்படியில் போய் நின்றுகொண்டு, "எல்லாரும் கேட்டுக்கங்க! காணும் பொங்கலன்னைக்கு அவரைக்காய்க் குழம்பு உண்டு! நம்ம புள்ள கண்டுபிடிச்சிருச்சு!" என்று கத்தினார்.

ஆனால் விளக்கை அணைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. "ஒயர அறுத்துட்டுப் போனாய்ங்கள்ல. லைட்ட அணைச்சா டேங்கையே தூக்கிட்டுப் போயிருவாய்ங்க. அதெல்லாம் முடியாதுக்கா." அதில் நியாயமும் இருந்தது.

அணைக்க முடியாவிட்டால் மறைக்க வேண்டும். பழைய சேலைகளைப் போர்த்திப் பார்த்தோம். வெளிச்சம் உள்ளே சல்லடையாக விழுந்தது. அப்போதுதான் கிளார்க்கம்மாவின் கண் மாடிப்படி வளைவில் சுருட்டி வைத்திருந்த ஃப்ளெக்ஸ் மேல் பட்டது. வீட்டுக்காரர் கடையைப் பெரிதாக்கித் திறந்தபோது காளவாசல் முக்கில் வைத்தது. முதுகு கறுப்பாக இருக்கும் கனத்த ஃப்ளெக்ஸ். முழு நீளத்துக்கும் அவர்தான், கூலிங் கிளாஸ் போட்டு, கையைத் தூக்கி ஊரை வாழ்த்திக்கொண்டிருப்பார்.

"தம்பி, அந்த ஃப்ளெக்ஸு சும்மாதானே கெடக்கு? கொடியில போத்திக்கவா?"

"பனிக்காகவா? எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க. பாத்து, கிழிச்சிராதீங்க."

மறுநாளிலிருந்து அது எங்கள் சாயங்கால வேலையாகிவிட்டது. பொழுது இறங்கும்போது பந்தலுக்கு மேலும் பக்கவாட்டிலும் ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்டுவோம். காலையில் வெயில் வந்ததும் அவிழ்ப்போம். கல்லூரிப் பஸ் தாமதமாகிற நாட்களில் எனக்குப் பதில் அம்மா போனாள். முதல் நாள் அவள் கேட்ட கேள்வி, "யக்கா, ஓனர் மூஞ்சிய உள்பக்கம் போடவா, வெளிப்பக்கமா?"

"உள்பக்கம் போட்டா பூ பயந்துரும். வெளியவே போடு."

அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

முகம் வெளிப்பக்கம் இருந்ததில் இன்னொரு லாபமும் வந்தது. அவருடைய விளக்கு அவர் படத்தின் மேலேயே அடித்தது. காளவாசல் மேம்பாலத்தில் போகிறவர்களுக்கெல்லாம் ராத்திரியில் ஓனர் அண்ணன் ஜெகஜோதியாகத் தெரிந்தார். கடைக்கு வந்த ஆட்கள், "என்னண்ணே, கவுன்சிலருக்கு நிக்கிறீங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர் மாடிக்கு வந்து, முனையில் தொங்கிய கயிற்றைத் தானே இறுக்கிக் கட்டி, "சுருங்காம கட்டுங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மார்கழி பிறக்கும்போது பந்தல் முழுக்க மொட்டுக் கட்டியது. காலையில் ஃப்ளெக்ஸை அவிழ்க்கும்போது காதை மூடிக்கொள்ளத் தோன்றும் குளிர். இலைகளில் பனி கோத்து நிற்கும். ஊதாப் பூக் கொத்துகள் ஒவ்வொன்றாக மேலே எழுந்தன. நடுவில் அசுவினிப் பூச்சி வந்தது. அடுப்புச் சாம்பலைத் துணியில் கட்டித் தட்டித் தட்டி விரட்டினார் கிளார்க்கம்மா. கிறிஸ்துமஸ் அன்று கேக்கும் கறிக்குழம்பும் கொடுக்க வந்தவர், அம்மாவின் உள்ளங்கையில் சிறிதாக ஒன்றை வைத்தார். கீழே உதிர்ந்து கிடந்த நகத்தளவு பிஞ்சு. அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

காணும் பொங்கலன்று காலையிலேயே வீட்டுக்காரர் வந்துவிட்டார். கீழே அவர் வீட்டு டிவியில் அலங்காநல்லூர் வாடிவாசல் ஆரவாரமாக ஓடிக்கொண்டிருந்தது. பந்தலுக்கு அடியில் போய் அண்ணாந்து பார்த்தார். தலைக்கு மேல் தட்டைத் தட்டையாக, விளிம்பில் ஊதா ஓடிய பச்சைக் காய்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கின. ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"கடையில வாங்கி நூல்ல கட்டித் தொங்க விட்டுருக்கீங்களான்னு பாக்குறேன்."

"நல்லாப் பாருங்க தம்பி. இந்தாங்க பை, நீங்களே பறிங்க."

பறித்தார். பை நிறைந்தது. அவர் மனைவி ஒரு முறம் கொண்டு வந்தார், அதுவும் நிறைந்தது. நார் உரிக்க எல்லாரும் உட்கார்ந்தோம். நர்ஸ் வந்தார், இஸ்திரி வண்டிக்காரர் வந்தார், அப்பா அன்று லீவு. பெரிய சட்டியில் புளி கொதித்து, வறுத்த நெத்திலியும் அவரையும் விழுந்ததும் எழுந்த வாசனை சந்து முழுக்கப் போயிருக்கும். எதிர் மாடியிலிருந்து ஒரு ஆள், "யக்கா, எங்களையும் கூப்பிட்டிருக்கலாம்ல?" என்றார். "ஆடியிலயே கூப்பிட்டேன், நீங்கதான் சிரிச்சீங்க. தட்டோட வாங்க!" என்று பதில் போனது.

மேகம் மூடி இதமாகக் குளிர்ந்த மத்தியானம். பந்தலுக்கு அடியில் பாய் விரித்து, சுடுசோறும் குழம்பும் தேங்காய் போட்ட பொரியலும் தூதுவளை ரசமும். வீட்டுக்காரர் மூன்றாவது முறை சோறு வாங்கிய பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

"ஷெட்ட கீழ வண்டி நிறுத்துற எடத்துலயே போட்டுக்கிறேன் யக்கா. லைட்டையும் தெருவப் பாத்துத் திருப்பி வச்சிருவோம். களவாணிப் பயலுக படியேறித்தான வாராய்ங்க." கொஞ்சம் தயங்கி, "ஃப்ளெக்ஸு மட்டும் இருக்கட்டும்" என்றார்.

மாடியே சிரித்தது. கிளார்க்கம்மா அகப்பையைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றார். அடுத்து என்ன விதைக்கப் போகிறார், எதற்கு அழைக்கப் போகிறார் என்று எல்லாரும் பார்த்தோம். அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

"எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க."

அம்மா. சோற்றுக் கையோடு எழுந்து நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. ஆனால் குரல் தெருவுக்கே கேட்டது.

"என் மகதான் அந்தப் பூவப் பாத்துச் சொன்னா. பள்ளிக்கூடத்துல அவதான் பஸ்ட்டு. அவ பட்டம் வாங்குற அன்னைக்கு இதே மாடியில சாப்பாடு. நான்தான் ஆக்குவேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "சொல்லிட்டேன்ல, வந்துருங்க."

கிளார்க்கம்மா அம்மாவைப் பார்த்தார். அகப்பை அப்படியே நின்றது.  அப்புறம் குனிந்து அம்மாவின் தட்டில் இன்னும் ஒரு அகப்பை குழம்பை ஊற்றினார்.

எனக்குப் பட்டம் கிடைத்தபோது அம்மா யாரையும் மறுபடி அழைக்கவில்லை. எல்லாரும் வந்தார்கள்.